வீரமா? விளம்பரமா?

இலண்டனிலிருந்து இருவர் புறப்பட்டனர். ஆண்டு 2004, நாள் ஏப்ரல் 14. இருவரும் நடிகர்கள். ஒருவர் உலகறிந்த திரைப்பட நாயகர் இவான் மெக்ரிகர். மற்றவர் அவருடைய நண்பர் சார்லி பூர்மன். ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள். கிழக்கு நோக்கியே சென்று நியூயார்க்கை அடைவது என்பது திட்டம். உக்ரைன், கசகஸ்தான், மங்கோலியா, சைபீரியா, அலாஸ்கா, கனடா என்று ஏறத்தாழ 19,000 மைல் கடந்து, ஜூலை 29ஆம் நாள் நியூயார்க் சேர்ந்தனர். 'லாங் வே ரவுண்ட்' என்ற பெயரில் அது தொலைக்காட்சித் தொடராக வந்தது. பின்னர் ஆப்பிரிக்காவுக்கு ஒன்று, தென் அமெரிக்காவுக்கு ஒன்று, 2025இல் ஐரோப்பாவைச் சுற்றி இன்னொன்று எனத் தொடர்கள் வளர்ந்தன.

பார்த்தவர்கள் இரு கூறாயினர். "சோம்பிக் கிடந்த இளைஞனை எழுப்பிச் சாலைக்கு அனுப்பிய சங்கநாதம்" என்றனர் சிலர். "பின்னால் வண்டிகள், முன்னால் காமிரா, இடையிலே இரு நடிகர்! இதற்குப் பெயர் வீரமா? விளம்பரமா?" என்று சிரித்தனர் சிலர். நடிகரை வணங்கும் நோய் நம் நாட்டுக்குப் புதியதன்று. ஆகவே சிரித்தவர் பக்கம் சாய்வதே பகுத்தறிவு என்று நம்மில் பலருக்கு உடனே தோன்றக்கூடும். ஆனால், நடிகர் செய்தது என்பதற்காகவே ஒன்றைப் போற்றுவது எவ்வளவு மூடத்தனமோ, நடிகர் செய்தது என்பதற்காகவே ஒன்றைத் தூற்றுவதும் அவ்வளவு மூடத்தனந்தான். ஆராய்ந்து பார்ப்போம்.

முதற் குற்றச்சாட்டு, ஏமாற்று என்பது. ஏமாற்றுபவன் எதை மறைப்பான்? துணை வண்டிகளை மறைப்பான், தோல்வியை மறைப்பான், வாங்கிய உதவியை மறைப்பான். இத்தொடரோ புறப்படுவதற்கு முன்னரே மாதக்கணக்கில் நடந்த ஏற்பாடுகளையும், அதற்கென அமர்ந்த அலுவலகத்தையும் காட்டிற்று. கே.டி.எம். நிறுவனம் வண்டி தர மறுத்ததையும், பிறகு பி.எம்.டபிள்யூ. நிறுவனம் கொடுத்ததையும் காட்டிற்று. சைபீரியாவிலே பெருகி ஓடிய ஆறுகள் வழிமறித்தபோது வண்டிகளை லாரியில் ஏற்றியதையும் காட்டிற்று. இவ்வளவையும் திரையிலே போட்டவனைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சேற்றில் விழுந்தவன் நடிகனாக இருந்தாலும் சேறு சேறுதான். 1,130 கன சென்டிமீட்டர் எஞ்சினும், கால் டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட வண்டி காலின்மேல் சாய்ந்தால் எலும்புக்கு அவன் புகழ் தெரியாது.

காமிராவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோரும் உளர். யாரும் காணாதபோது செய்வதே வீரம் என்பது அவர் வாதம். கேட்க இனிக்கிறது, வரலாறு ஒப்பவில்லை. 1932இல் இராபர்ட் பூல்டன் என்ற அமெரிக்க இளைஞர், விருந்தொன்றிலே, "மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றப் போகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். டக்ளஸ் நிறுவனத்தார் வண்டி கொடுத்தனர். சொன்ன சொல்லைக் காக்க இலண்டனிலிருந்து கிளம்பி டோக்கியோ வரை சென்றார். அவர் வண்டியிலும் திரைப்படக் காமிரா இருந்தது! நிறுவனத்தின் உதவியும் காமிராவும் இருந்த காரணத்தால் அவர் கடந்த பாலைவனம் பூந்தோட்டமாகிவிட்டதா? இல்லையே!

பின் பிழை எங்கே இருக்கிறது? காட்டியதிலே அன்று, காட்டியதைக் கண்டவன் எதைக் கற்றுக்கொண்டான் என்பதிலே இருக்கிறது.

தொடரின் பெயரைச் சொன்னால் நம் நினைவுக்கு வருவோர் இருவர். ஆனால் சென்றவை மூன்று வண்டிகள்! மூன்றாவது வண்டியில், காமிராவைச் சுமந்துகொண்டு, அதே சேற்றில் அதே சாலையில் சென்றவர் கிளாடியோ பான் பிளாண்டா என்ற சுவிட்சர்லாந்துக்காரர். நாயகர் இருவரும் ஆற்றைக் கடப்பதை நாம் பார்க்கிறோம் என்றால், பல இடங்களில் அவர் அதற்கு முன்பே அதைக் கடந்து, இறங்கி, காமிராவைத் தோளில் ஏற்றிக் காத்திருந்திருக்கிறார் என்று பொருள். உழைத்தவன் ஒருவன், ஒளி பெற்றவன் வேறொருவன். இது நாம் அறியாத கதையா?

அந்த மூன்றாவது வண்டியே இன்னொரு பாடத்தையும் சொன்னது. மங்கோலியாவின் பாதையில் அதன் சட்டம் முறிந்தது. பற்றவைத்துப் பார்த்தனர்; பயணத்துக்கு உதவவில்லை. விலையுயர்ந்த அந்த வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, உள்ளூரிலே கிடைத்த இஜ் பிளானெட்டா என்ற ருஷ்ய வண்டியை வாங்கினார் பான் பிளாண்டா. ஒற்றைச் சிலிண்டர், 350 கன சென்டிமீட்டருக்குள் அடங்கும் எளிய எஞ்சின். ஆடு மேய்ப்பவன் அன்றாடம் ஏறிச் செல்லும் வண்டி. பழுதே ஆகாத பொருளன்று அது. ஆனால் பழுதானால் சரிசெய்யத் தெரிந்தவன் அந்தப் புல்வெளியிலே இருந்தான். மின்னணு மூளை பூட்டிய வண்டிக்கு வைத்தியன் ஐரோப்பாவிலே இருந்தான்!

தொடரைக் கண்ட பல்லாயிரவர் இந்தக் காட்சியையும் கண்டார்கள். கண்டும் எதை வாங்க ஓடினார்கள்? அந்தப் பெரிய வண்டியை. அதன் இருபுறமும் தொங்கும் அலுமினியப் பெட்டிகளை. நாயகர் அணிந்த மேலங்கியை. வண்டி இருந்தால் பயணம் தானே வரும் என்ற நம்பிக்கைக்கும், தாயத்து கட்டினால் தைரியம் தானே வரும் என்ற நம்பிக்கைக்கும் என்ன வேறுபாடு?

அலுமினியப் பெட்டி என்றவுடன் எனக்கு நினைவுக்கு வருபவர் எல்சுபெத் பியர்டு. கட்டடக் கலை பயின்ற இலண்டன் மங்கை. மதுக்கடையில் வேலை செய்து சேர்த்த பணத்தில், 1974ஆம் ஆண்டு செய்யப்பட்ட பழைய வண்டி ஒன்றோடு 1982இல் தனியே உலகைச் சுற்றக் கிளம்பினார். ஆஸ்திரேலியாவில் கைப்பணம் கரைந்தது. சிட்னியில் மாதக்கணக்கில் வேலை பார்த்தார். ஒரு கார்க் கொட்டகையில் தங்கினார். அங்கேயே அலுமினியத் தகட்டை மடக்கித் தம் கையாலேயே பெட்டிகள் செய்துகொண்டார். சிங்கப்பூரில் கடவுச்சீட்டு உள்ளிட்ட பத்திரங்கள் களவு போயின. தாய்லாந்தில் நாய் ஒன்று குறுக்கே வர, விழுந்து அடிபட்டார். ஏழைக் குடும்பம் ஒன்று அவரைக் கிடத்திப் பேணிற்று. பினாங்கிலிருந்து வண்டியைக் கப்பலேற்றி, நம் சென்னைத் துறைமுகத்திலே இறக்கி, இந்தியச் சாலைகளில் ஓட்டினார். 35,000 மைல் சுற்றி 1984இல் வீடு திரும்பியபோது மோட்டார் சைக்கிள் ஏடுகள் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர் தம் கதையை நூலாக்கி வெளியிட்டது 2017இல்! முப்பத்து மூன்று ஆண்டுகள்! ஆணாக இருந்திருந்தால், அல்லது நடிகையாக இருந்திருந்தால், முப்பத்து மூன்று நாட்கள்கூட ஆகியிராது.

இனி, தொடர் காட்டிய சாலைகளிலே என் மனத்தை மிகவும் வருத்திய ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாகுத்ஸ்கிலிருந்து மகதான் வரை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் நீளும் கோலிமா நெடுஞ்சாலை. 'எலும்புகளின் சாலை' என்பது அதற்கு மக்கள் இட்ட பெயர். ஸ்டாலின் காலத்தில், 1932 முதற்கொண்டு, சிறைக் கைதிகளைக் கொண்டு போட்ட சாலை அது. கோலிமாவின் தங்கத்தை வெளியே கொண்டுவர வழி வேண்டும். வழி போட ஆள் வேண்டும். ஆளுக்குப் பஞ்சமில்லாதபடி சிறைகள் நிறைந்திருந்தன. உறைபனியில் மண்வெட்டியோடு நின்றவர்கள் எண்ணிறந்தோர்; திரும்பாதோர் எண்ணிறந்தோர்.

அதே குளிர், அதே சேறு, அதே கொசு, அதே ஆறு. ஒருவனுக்கு அது துணிவுப் பயணம். மற்றவனுக்கு அது மரணம். வேறுபாடு எதிலே? நிலத்தில் இல்லை. விரும்பி வந்தான் ஒருவன். வேண்டும்போது திரும்பவும் வல்லான். மற்றவன் இழுத்துவரப்பட்டான். ஆகவே, துணிவுப் பயணம் என்பது துன்பத்தின் அளவைப் பொறுத்ததன்று. திரும்பிப் போகும் உரிமையைப் பொறுத்தது. மங்கோலிய மேய்ப்பன் பனிக்காலத்தில் மந்தையோடு கடக்கும் வெளியை யாரும் படம் எடுத்து வீரம் என்பதில்லை. போருக்கு அஞ்சி இரவிலே எல்லை தாண்டும் தாயை எந்த ஏடும் பயணி என்று எழுதுவதில்லை. 'சட்டவிரோதமாக நுழைந்தவள்' என்று எழுதுகிறது. மெக்ரிகர் கையிலே பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தது. எல்லையிலே அவருக்கு நேர்ந்த தாமதம் ஒரு காட்சி ஆயிற்று. அந்தத் தாயின் வாழ்நாள் முழுவதுமே தாமதம்.

இதை மறைத்துவிட்டு வீரம் பேசுவதைத்தான் திரித்துக் கூறுதல் என்கிறேன். ஆனால், இங்கும் தொடருக்குரிய நேர்மையைத் தந்தாக வேண்டும். உலன்பாத்தர் நகரிலே தரைக்கடியில், வெந்நீர்க் குழாய்களின் சூட்டை நம்பி உறங்கிய அனாதைச் சிறுவர்களை, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்தோடு சென்று அது காட்டிற்று. நாயகனின் முகம் இல்லாவிட்டால் அத்தனை கோடி கண்கள் அந்தக் குழிக்குள் எட்டிப் பார்த்திருக்குமா? பார்த்திரா. புகழை அப்படிச் செலவிட்டால் அதைக் குறைகூற நான் யார்?

ஆனால், ஒன்றை மட்டும் எந்தத் தொடராலும் தர முடியாது. அது நேரம். 2019இல் மின்சார வண்டிகளோடு தென் அமெரிக்காவின் தென்முனையிலிருந்து கிளம்பியபோது, வழியெங்கும் மின்னூட்ட நிலையங்களை நாட்டிவைத்துவிட்டே போனார்கள். குறித்த நாளில் சேர வேண்டுமே! டெட் சைமன் என்பவர் 1973இல் 500 கன சென்டிமீட்டர் டிரையம்ப் வண்டியில் கிளம்பித் திரும்பியது 1977இல். நான்காண்டு! பிரேசிலில் சிறையிலும் இருந்தார். அவரும் ஒரு செய்தித்தாளின் ஆதரவோடு சென்றவர்தாம். ஆனால் அவரை இன்ன நாளில் நியூயார்க்கில் நிறுத்தக் காத்திருந்த படப்பிடிப்புக் குழு எதுவும் இல்லை. தங்கிய இடத்தில் தங்கினார், வேலை கிடைத்த இடத்தில் வேலை செய்தார், கண்டவரோடு உண்டார். எழுபதை நெருங்கிய வயதில், 2001இல், மீண்டும் வண்டியேறி அந்தப் பழைய பாதையிலேயே புறப்பட்டார். முதல் சுற்றில் தமக்குச் சோறிட்டவர்களில் எவரெவர் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் ஊர் என்ன ஆயிற்று என்று பார்த்துவர.