சீருடையும் மண்வெட்டியும்

போன மாதம் எங்கள் இரவுப் பாடசாலையில் ஒரு விவாதம் வந்தது. எட்டாவது படிக்கிற காலனிப் பையன் ஒருவனைப் பள்ளிக்கூடத்தில் சாரணர் படைக்கு எடுத்திருக்கிறார்கள். சட்டை, கால்சட்டை, கழுத்தில் கட்டுகிற ஸ்கார்ஃப், தொப்பி, பெல்ட், விசில், கறுப்பு ஷூ. எல்லாம் சேர்த்தால் அவன் அம்மாவின் ஒரு வாரக் கூலிக்கு மேலேயே ஆகிறது. அந்த அம்மா எங்களிடம் வந்து, "ஏதாச்சும் பாத்துக் குடுங்க தம்பி, ராத்திரியெல்லாம் அதே பேச்சா கெடக்கான்" என்றார். பாடசாலையின் பொதுப்பணத்தில் கொடுப்பதா, வேண்டாமா? ஒரு தோழர், "வெள்ளைக்காரன் வுட்டுட்டுப் போன கவாத்து. அதுக்கு எதுக்கு நம்ம காசு? நோட்டுப் புஸ்தகம் வாங்குவோம்" என்றார். இன்னொருவர், "எல்லாப் புள்ளைங்களோடயும் ஒரே சட்டை போட்டு நிப்பான். அந்தச் சமத்துவம் பெருசில்லியா?" என்றார். நான் கொடுக்கலாம் என்றேன். ஆனால் அந்தச் சட்டை சமத்துவம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று அன்றைக்குச் சொல்ல வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

நானும் சாரணனாக இருந்தவன்தான். அப்பா கரும்பு வெட்டுக்குப் போக வாங்கிய முன்பணத்திலிருந்து எனக்குச் சட்டை தைத்தது. ஷூ மட்டும் எனக்கு முன்னால் போட்டவனுடையது, முனையில் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டேன்.

'சட்டைதானே' என்று சொல்லிவிட எங்களுக்கு வாய் வராது. எங்க ஆயா சொல்லும்: தாத்தா ஊர்த் தெருவுக்குள் நுழையும்போது தோளில் கிடக்கிற துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடுமாம். இது ஏதோ ஒரு ஊரின் பழக்கம் இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. பெண்கள் மார்பை மூடக் கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன. மறு வருஷம் தடைகள் பதினொன்றாயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டனே இதை எழுதி வைத்திருக்கிறார். அதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால், 1921இல், பக்கத்து மதுரையில்தான் காந்தி சட்டையைத் துறந்தார். துறக்க அவரிடம் சட்டை இருந்தது. எங்கள் பாட்டன்மாருக்கு அதைப் போடுவதே போராட்டமாக இருந்தது. ஆகவே காலனிப் பையன் ராத்திரியெல்லாம் சட்டையைப் பற்றிப் பேசுவதை நான் பிள்ளை ஆசையாக மட்டும் பார்க்கவில்லை.

இந்தச் சாரணர் சட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1907இல் பேடன் பவல் என்ற ராணுவ அதிகாரி இங்கிலாந்தில் பிரவுன்சீ என்ற தீவில் இருபது பையன்களை வைத்து முகாம் போட்டார். பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தார்கள். சாரணன் எல்லாருக்கும் நண்பன், மற்ற சாரணன் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தவனாயினும் அவனுக்குச் சகோதரன் என்று விதியும் எழுதினார். வர்க்கம் இறுகிக் கிடந்த அந்த நாட்டில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் 1909இல் பெங்களூரில் படை தொடங்கியபோது அது வெள்ளைப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும்தான். இந்தியப் பையனுக்கு இடமில்லை. அந்தக் கோபத்தில்தான் 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் இந்தியப் பிள்ளைகளுக்குத் தனிச் சங்கம் கண்டார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டினார்கள். இப்படிப் பிரிந்து கிடந்த சங்கங்கள் கடைசியாக ஒன்றானது 1950இல்.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவில் 1936இல் வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தார், இந்தியர் என்று நான்கு தனித்தனிப் பிரிவுகள். ஒன்றாக 1977 ஆனது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப்படை. கடைசியாக நிறத்தால் பிரிந்திருந்த பிரிவு கலைந்தது 1974இல். தன்பால் ஈர்ப்புள்ள ஒருவரை அங்கே வெளியேற்றியபோது வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. யாரைச் சேர்ப்பது என்பது சங்கத்தின் உரிமை என்று 2000இல் தீர்ப்பு வந்தது. கோயிலுக்குள் யார் வரலாம், தேர்வடத்தை யார் தொடலாம் என்பதற்கு ஊர்க்கூட்டம் சொல்கிற பதில் இதுதானே? 2014இல் அந்தப் பையன்களைச் சேர்த்தார்கள், 2015இல் பெரியவர்களை. 2018 தொடங்கிப் பெண்பிள்ளைகளும் வந்தார்கள். 2025இல் சங்கத்தின் பெயரிலிருந்த 'பையன்கள்' என்ற சொல்லும் போனது. எங்கேயும் சகோதரத்துவம் விதியில் முதலிலேயே இருந்தது, கதவு பிறகுதான் திறந்தது. அதுவும் வெளியே நின்றவர்கள் தட்டிய பிறகு.

நம் பள்ளிகளில் காலனிப் பிள்ளைக்குக் கதவு மூடியில்லை. ஷூ விலைதான் தடை. அதைத் தாண்டி உள்ளே போனால் என்ன ஆகிறது என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் முகாம். எட்டுப் பேர் ஓர் அணி. சாரணர்கள் இடக்கையால் கைகுலுக்குவார்கள், அது உலகம் முழுக்க அவர்கள் வழக்கம். எங்கள் பக்கத்தில் இடக்கைக்குப் பெயர் பீச்சாங்கை. அதால் ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்தால் அவமானம். அந்தக் கையால்தான் ஊர்ப்பையன் ஒருவன் முதன்முதலாக என் கையைப் பிடித்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. முதல் நாள் ஒரே குண்டானில் கிண்டிய உப்புமாவை ஒன்றாக உட்கார்ந்து தின்றோம். ராத்திரி நெருப்பு மூட்டிச் சுற்றி நின்று பாடினோம். பொய் சொல்லக் கூடாது, அந்த ஒரு ராத்திரி எனக்குச் சாதி இல்லை.

முகாமில் வேலைகளுக்கு முறை உண்டு. இன்றைக்குச் சமையல் செய்கிறவன் நாளைக்குத் தண்ணீர் எடுக்க வேண்டும், மறுநாள் விறகு. கக்கூசுக்குக் குழி வெட்டி, போய் வந்த பிறகு மண் தள்ளி மூடுவதும் அந்த முறையில் ஒன்று. இரண்டாம் நாள் அது என் கையைப் பிடித்த அந்தப் பையனுக்கு வந்தது. அவன் அப்பா ஊரில் நிலபுலன் உள்ளவர். மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சாரண ஆசிரியரிடம் போய், கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாக, என்னைக் காட்டிச் சொன்னான்: "சார், அவன் செய்வான் சார். அவனுக்குப் பழக்கம்."

நானும் என் அப்பாவும் என் தாத்தாவும் கரும்பு வெட்டியிருக்கிறோம், களை பறித்திருக்கிறோம். கக்கூஸ் குழி வெட்டியதில்லை. ஆனால் 'பழக்கம்' என்ற அந்தச் சொல்லில் ஊரின் மொத்தச் சட்டமும் இருந்தது. என் சட்டையும் அவன் சட்டையும் ஒரே துணி. சட்டைக்குள் இருப்பது யார் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

சார் நல்லவர். என்னைப் படையில் சேர்த்தவரே அவர்தான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு மண்வெட்டியைத் தானே எடுத்துக் குழி வெட்டினார். பையன்கள் எல்லாம் வாயடைத்துப் பார்த்தோம். அன்றைக்கு ராத்திரி நெருப்பைச் சுற்றி நின்றபோது சாரைப் பற்றித்தான் பேச்சு. நானும் அவரைக் கடவுளாக நினைத்தேன். வெகு காலம் அப்படியேதான் நினைத்திருந்தேன். எம்.ஏ. படிக்கப் போய், அம்பேத்கரைப் படித்த பிறகுதான் அந்த மண்வெட்டி என்னைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தது.

சார் செய்தது நற்செயல். சாரணன் நாளுக்கு ஒரு நற்செயலாவது செய்ய வேண்டும் என்பார்கள், அதைச் செய்து காட்டினார். ஆனால் அன்றைக்கு அங்கே எழுந்த கேள்வி, குழியை யார் வெட்டுவது என்பது மட்டுமில்லை. அந்தப் பையன் ஏன் வெட்டக் கூடாது என்பது. அந்தக் கேள்விக்குச் சார் பதில் சொல்லவில்லை. அவர் குனிந்ததால் நான் அவமானத்திலிருந்து தப்பித்தேன், அவன் முறையிலிருந்து தப்பித்தான். யாருக்கும் எதுவும் மாறவில்லை. மேலே இருக்கிற ஒருவர் மனசிரங்கிக் கீழே இறங்கி வந்து செய்தால் அது தியாகமாகிறது, அவருக்குப் புகழும் கிடைக்கிறது. கீழே இருப்பவன் அதையே செய்தால் அது பழக்கம். மலத்தைச் சுத்தம் செய்வதைத் தொண்டாக்கிக் காட்டிய காந்தியிடம் அம்பேத்கர் கண்ட கோளாறும் இதுதான் என்று நான் புரிந்துகொள்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது தயவு இல்லை. அவன் தன் முறையைச் செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

முறை என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். வரிசை வைத்து ஆளுக்கு ஒரு தடவை செய்வது முறை. மாமன் மச்சான் என்கிற உறவும் முறை. அரசன் நீதி செலுத்துவதையும் பழைய தமிழ் முறை என்றே சொல்கிறது. அநீதி நடந்தால் நாம் போய் முறையிடுகிறோம். மூன்றையும் ஒரே சொல்லில் வைத்தது தற்செயலோ என்னவோ, அந்த முகாமில் மூன்றும் ஒன்றாகத்தான் உடைந்தன. வரிசையில் தன் பங்கைச் செய்ய மறுத்தவன் சகோதரன் என்ற உறவையும் மறுத்தான், நீதியையும் மறுத்தான். சட்டை மட்டும் கசங்காமல் இருந்தது.

முகாம் முடிந்து பஸ்ஸில் இறங்கினோம். அவன் பஸ்ஸிலேயே ஸ்கார்ஃபைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டான். நான் ஷூவும் தொப்பியுமாக ஊர்த் தெரு வழியாக நடந்தேன். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருத்தர், "யார்ரா அது, கலெக்டரா?" என்றார். சிரிப்பு. அவனும் அங்கே நின்றான். என்னைத் தெரியாத மாதிரி நின்றான். சாரணன் மற்ற சாரணனுக்குத்தானே சகோதரன். ஸ்கார்ஃபைக் கழற்றியவனுக்கு அந்தக் கடமை இல்லை. அவனுக்கு அது கழற்றி வைக்கிற சட்டை. எனக்குக் கழற்றக் கூடாத சட்டை. ஒரே துணிதான், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் போட்டிருந்தது ஒன்றில்லை.

உறுதிமொழியிலும் ஒரு இடறல் உண்டு. கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமையாற்றுவதாகச் சொல்ல வேண்டும். விரும்பினால் கடவுள் என்ற இடத்தில் தர்மம் என்று சொல்லிக்கொள்ளலாம். பவுத்தப் பிள்ளை அதைத் தம்மம் என்று மனசுக்குள் வாசித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அவனவன் தொழிலை அவனவன் செய்வதே தர்மம் என்று காலங்காலமாகக் கேட்ட காதுகள் நம்முடையவை. 'அவனுக்குப் பழக்கம்' என்பதன் சமஸ்கிருதப் பெயர் அதுதான். இங்கிலாந்துச் சாரணர்கள் 2014 முதல் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு வேறு உறுதிமொழி வைத்திருக்கிறார்கள். பெரியார் பிறந்த மண்ணில் ஒரு பிள்ளை 'என் மனசாட்சிக்கு' என்று சொல்லக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

இன்றைக்கு நம் பள்ளிகளில் எல்லாருக்கும் சீருடை இருக்கிறது. கூடவே சில மாவட்டங்களில் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறும் இருக்கிறது. 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு அதே பள்ளியில் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. எல்லாச் சமூகத்து மாணவர்களையும் சேர்த்து சமூக நீதி மாணவர் படை ஒன்று அமைக்கவும் சொன்னது. நல்ல யோசனை. ஆனால் கயிற்றை அறுத்து, ஒரே சட்டையை மாட்டிவிட்டால் முடிந்தது என்று நினைத்தால் அது என் முகாமின் முதல் ராத்திரியாகத்தான் இருக்கும். எந்தப் படையாக இருந்தாலும் அதில் சேரும் பிள்ளைகள் என்ன உடுத்துகிறார்கள் என்பதைவிட, யார் பெருக்குகிறார்கள், யார் சமைத்ததை யார் தின்கிறார்கள், வேலை முறையை மீறுகிறவனை ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைத்தான் நாம் போய்ப் பார்க்க வேண்டும்.

கவாத்து என்று ஒதுக்கிய தோழருக்கு நான் சொல்வது: அம்பேத்கரும் சமத்துவப் படை கட்டி நம் ஆட்களை அணிவகுக்க வைத்தார். நிமிர்ந்து நிற்பதை யாரிடமும் இரவல் வாங்க வேண்டியதில்லை. சட்டையே சமத்துவம் என்ற தோழருக்கு: சட்டை நம் உரிமை. சமத்துவம் மண்வெட்டியில் இருக்கிறது.

பணம் கொடுத்துவிட்டோம். சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று. ஷூ புதுசாகவே வாங்கினோம், பஞ்சு வைக்க வேண்டாம் என்று. முகாமுக்குப் போகும் முன்னால் அந்தப் பையனை உட்கார வைத்துப் பேச இருக்கிறேன். உன் முறை வந்தால் எந்த வேலையாக இருந்தாலும் செய், கூச்சப்படாதே. முடிந்ததும் மண்வெட்டியை அடுத்தவன் கையில் கொடு. அவன் வாங்கவில்லை என்றால் நீ வைத்துக்கொள்ளாதே, சாரையும் வாங்க விடாதே. "சார், இது இவன் முறை" என்று சொல். சொல்லிவிட்டு அங்கேயே நில்.

எனக்கு அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.