ஆட்டமும் கூலியும்

விளையாட்டில் காசு புகுந்தால் விளையாட்டு கெட்டுவிடும் என்று சொல்கிறவர்களைக் கவனித்து வருகிறேன். அநேகமாக எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். இது தற்செயல் அல்ல. 1879இல் இங்கிலாந்தில் ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் 'அமெச்சூர்' யார் என்று வரையறுத்தபோது, காசுக்குத் துடுப்புப் போட்டவனை மட்டும் விலக்கவில்லை. கூலிக்கு உழைக்கும் கைவினைஞன், தொழிலாளி எவனையுமே விலக்கினார்கள். பரிசுப் பணம் ஒரு காசு தொடாத தச்சனும் தன் தொழிலாலேயே தீட்டுப்பட்டவன். தூய்மை பற்றிய இந்தச் சித்தாந்தம் யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்விக்கு விடையாகத்தான் பிறந்தது. இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதும் அல்ல.

ஜிம் தோர்ப் செவ்விந்தியர். கார்லைல் பள்ளி மாணவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். 1909, 1910 கோடைகளில் சொற்பக் கூலிக்கு பேஸ்பால் ஆடியதற்காக 1913இல் அவற்றைப் பறித்தார்கள். அப்படி ஆடிய மற்ற கல்லூரிப் பையன்கள் பொய்ப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர் சொந்தப் பெயரில் ஆடினார். 1953இல் அவர் இறந்து, 1982இல்தான் பதக்கம் மீண்டது. தனி வெற்றியாளர் என்று ஒப்புக்கொள்ள 2022 ஆயிற்று. அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு சம்பாதிக்கலாம் என்றானது 2021இல். கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம் என்றானது 2025இல்.

நம் பக்கம் பிரச்சினையின் உருவம் வேறு. குரங்கணி அடிவாரத்துப் பையன் ஒருவன் என் கவுண்டருக்கு வருவான். வெளியூர்க் கல்லூரியொன்றின் கபடி அணியில் ஆடுகிறான். அவன் அம்மா விடியுமுன் ஜீப்பில் அடைந்து போடிமெட்டு ஏறி ஏலம் எடுக்கப் போகிறவள். லீவு நாட்களில் அவனும் போவான். மேட்ச் இருந்தால் போக முடியாது. அந்த நாட்களின் கூலி அந்த வீட்டுக்கு நஷ்டம். கோப்பை கல்லூரிக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அவனைச் சம்பாதிக்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. ஆடுவதே ஒரு சலுகை என்று நம்ப வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கைக்கு வருவது ஒரு சான்றிதழ். அதைக் காட்டி, அரசு வேலையின் 3 சதவீத ஒதுக்கீட்டிலோ ஏதாவது வங்கி அணியிலோ நுழைந்தால் உண்டு.

அப்படியானால் சந்தையிடம் விட்டுவிடலாமா? போடியில் ஏலக்காயும் ஏலம்தான், அதை விற்கும் முறையும் ஏலம்தான். காயின் பருமனையும் நிறத்தையும் பார்த்து விலை சொல்கிறார்கள். எடுத்த கையை யாரும் பார்ப்பதில்லை. 2014இல் தொடங்கிய புரோ கபடியிலும் ஏலம் உண்டு. 2022இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு, அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. மறு வருஷம் வேறொரு அணி அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தது. கல்லூரிப் பையனின் முழங்காலுக்கு மறு ஏலம் கிடையாது.

பெருஞ்சித்திரனார் ஞாபகம் வருகிறது. அதியமான் தன்னைப் பார்க்காமலே கொடுத்தனுப்பிய பரிசிலை அவர் மறுத்தார். பரிசில் வாங்குவதை இழிவென்று அவர் நினைக்கவில்லை. தகுதி அறிந்து தந்தால் மிகச் சிறிதும் போதும் என்றார். காசா தூய்மையா என்று கேட்பதைவிட, தருகிறவன் பெறுகிறவனைப் பார்த்தானா என்று கேட்பது சரியான கேள்வி. இலவசமாக ஆடு என்கிற கல்லூரி அவனைப் பார்ப்பதில்லை. எடை போட்டு எடுக்கிற சந்தையும் பார்ப்பதில்லை.

இந்தப் பக்கங்களில் எழுதுகிற நமக்கும் இது பொருந்தும். காசுக்கு எழுதுவதில்லை என்பது நம் கௌரவம். என் விஷயத்தில் அந்தக் கௌரவத்துக்கான செலவை வங்கி கொடுக்கிறது. பகலை விற்றுவிட்டதால்தான் மாலையில் நான் தூயவனாக இருக்க முடிகிறது. மலையிலிருந்து இறங்கி வந்து ஒருவன் கவிதை எழுதினால், சன்மானம் கேட்காதே என்று அவனுக்குச் சொல்ல எனக்கு அருகதை இல்லை.

பாடிப் போகிறவன் மூச்சைப் பிடித்து நிற்கும் கணத்துக்கு விலை கிடையாது, வாஸ்தவம். ஆனால் விலையில்லாதது வேறு, கூலியில்லாதது வேறு. ஆடிய நாளின் கூலி, அடிபட்ட காலுக்கு வைத்தியம், தன் பெயர் மீது தனக்கு உரிமை: இந்த மூன்றும் கிடைத்த பிறகு, ஆட்டத்தின் தூய்மையைப் பற்றி அவனே நமக்குச் சொல்லட்டும்.