பகையற்ற தீங்கு: ஆனையிறவு நீரேரியும் பறவைக் காய்ச்சலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலப்பரப்போடு பிணைக்கும் ஒடுங்கிய நிலத்துண்டாகிய ஆனையிறவின் இருமருங்கும் பரந்து கிடக்கும் ஆழங்குறைந்த கடனீரேரிகளுக்கு, மாரிமழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டி, வட ஆசியாவில் கோடையைக் கழித்த நீர்ப்பறவைகள் பெருந்திரளாக வந்து சேர்ந்து, பங்குனி அளவில் திரும்பிச் செல்கின்றன. நீரேரியின் கிழக்கே உள்ள சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி முதலிய தாரா இனங்கள் இங்கு வரும் வழியைப் பறவையியலாளர் மத்திய ஆசியப் பறப்புவழி என்பர். அவ்வழியின் தென்கோடியில் அமைவது இலங்கை. இப்பறவைகளுட் சில தம் குடலில் இன்புளுவென்சா வைரசைச் சுமந்துகொண்டு, அதனால் ஒரு வாட்டமும் இன்றி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறக்க வல்லன. அதே வைரசின் வழித்தோன்றல் ஒரு கோழிப்பண்ணையிற் புகுந்து உருமாறினால் இரண்டொரு நாளிற் பண்ணை முழுவதும் மடிகிறது; நோய் கண்ட இடத்தைச் சுற்றியுள்ள பறவைகளை, நோயுற்றவை, நோயற்றவை என்ற வேறுபாடின்றிக் கொன்று புதைப்பதே உலக அரசுகள் பெரும்பாலும் கையாளும் வழியாக இருந்து வருகிறது. இங்கே எழும் மெய்யியல் வினாக்கள் இரண்டு. பகையோ நோக்கமோ இல்லாத ஒன்று செய்யும் தீங்கைத் தீமை என்று சொல்லலாகுமா என்பது ஒன்று. குற்றம் யாரிடமும் இல்லாதவிடத்து நிகழ்த்தப்படும் கொலையின் பழி யாரைச் சாரும் என்பது மற்றொன்று. கொல்லாமையை அறங்களின் முன்வரிசையில் வைத்த தமிழ்ச் சமயமரபு இவ்வினாக்களைத் தவிர்த்துச் செல்ல முடியாது. எனினும், உயிரியல் விளக்கத்தைக் கடந்து செல்லாமல் விடைதேடுவதும் இயலாது.

முதலில் தாராவின் உடலுக்குள் நிகழ்வதை நோக்கவேண்டும். ஊசிவால் வாத்து இரைதேடும்போது தலையையும் கழுத்தையும் நீருள் அமிழ்த்தி, வாலை வானுக்கு நிமிர்த்தி, அடிச்சேற்றை அலகினால் அரித்து விதைகளையும் சிற்றுயிர்களையும் வடித்தெடுக்கும். அதே ஆழமற்ற நீரில்தான் அதன் எச்சமும் கலக்கிறது. ஒரு பறவையின் எச்சத்தோடு வெளியேறிய வைரசு இன்னொன்றின் வாய்வழியே உட்சென்று, குடலின் உட்சுவர்க் கலங்களிற் பெருகி, மீண்டும் எச்சத்தோடு நீரை அடைகிறது. இவ்வாறு நோயை உண்டாக்காமலேயே ஒரு வைரசைத் தன்னகத்தே பேணிவரும் உயிரினத்தைச் சேமிப்பு விருந்துவழங்கி என்று கூறலாம். விருந்துவழங்கி என்பது வைரசு தங்கிப் பெருகுவதற்கு இடங்கொடுக்கும் உயிர். காட்டுத் தாராவுக்கும் இன்புளுவென்சா வைரசுக்கும் இடையே நெடுங்காலப் பழக்கத்தால் விளைந்த இந்த இணக்கத்தில், தீங்கு என்று சுட்டத்தக்கது அநேகமாக எதுவும் இல்லை.

வைரசின் அளவு ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எட்டுத் துண்டுகளாகப் பிரிந்த ஆர்.என்.ஏ. இழைகளே அதன் பரம்பரைச் செய்தி. அவற்றைப் போர்த்திய கொழுப்புறையின்மேல் சில நூறு புரத முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுள் ஈமக்குளூட்டினின் என்பது விருந்துவழங்கியின் கலத்தைப் பற்றிக்கொள்வது, நியூராமினிடேசு என்பது பெருகிய வைரசுகளைக் கலத்திலிருந்து அறுத்து விடுவிப்பது. எச்5என்1 போன்ற பெயர்களில் வரும் இரண்டு எழுத்துகள் இவ்விரு புரதங்களையும், எண்கள் அவற்றின் வகைகளையும் குறிக்கின்றன. பற்றுவதற்கு வைரசு தேடுவது கலத்தின் மேற்பரப்பிலுள்ள சியாலிக் அமிலம் என்னும் வெல்லத்தை. இவ்வெல்லம் அடுத்த வெல்லத்தோடு பிணைந்திருக்கும் முறை பறவையின் குடலில் ஒருவிதமாகவும் மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் வேறொரு விதமாகவும் அமைந்திருக்கிறது. மனித நுரையீரலின் ஆழத்தில் மட்டும் பறவைக்குரிய பிணைப்பு மிகுதியாகக் காணப்படுகிறது. பறவைக் காய்ச்சல் மனிதருக்கு எளிதில் தொற்றாமைக்கும், தொற்றினால் நுரையீரலைக் கொடிதாகத் தாக்குவதற்கும் இது ஒரு காரணம். 2003 முதல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்ட எச்5என்1 நோயாளர் 900க்கும் மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர்.

பற்றிக்கொண்ட வைரசைக் கலமே தன் உறைக்குள் மடித்து விழுங்குகிறது. விழுங்கிய பையைக் கலமே அமிலமாக்குகிறது. அவ்வமிலம் பட்டவுடன் ஈமக்குளூட்டினின் வடிவம் மாறி, வைரசின் உறையும் பையின் சுவரும் ஒன்றாகக் கலக்க, எட்டு இழைகளும் கலத்தின் கருவை அடைகின்றன. அங்கே வைரசின் நொதியம், கலம் தன் சொந்தச் செய்திகளுக்கு இட்டிருக்கும் தலைப்பகுதியை வெட்டியெடுத்துத் தன் செய்தியின் தலையில் ஒட்டிக்கொள்கிறது. கலத்தின் புரத ஆலை அதைத் தன் கட்டளையென்றே ஏற்று நிறைவேற்றுகிறது. இன்னும் ஒன்று உண்டு. ஈமக்குளூட்டினின் ஒரே சங்கிலியாகவே ஆக்கப்படுகிறது. விருந்துவழங்கியின் ஒரு நொதியம் அதைக் குறித்த இடத்தில் வெட்டினாலன்றி அது செயற்படாது. சாதுவான வகைகளில் அவ்வெட்டுவாயைக் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள சில நொதியங்களே வெட்டவல்லன என்பதால், வைரசு அவ்விடங்களைத் தாண்டுவதில்லை. எச்5, எச்7 என்னும் இரு வகைகளில் மட்டும், கோழிகளிடையே சுற்றிவரும்போது, வெட்டுவாயில் ஆர்ஜினின், லைசின் ஆகிய அமினோ அமிலங்கள் கூடுதலாகச் சேர்ந்துவிடுவதுண்டு. சேர்ந்துவிட்டால், உடலின் எல்லாக் கலங்களிலும் இருக்கும் பியூரின் என்ற நொதியமே அதை வெட்டப் போதுமானதாகிறது. அதன்பின் மூளை, இதயம், இரத்தக்குழாய் எதுவும் தப்புவதில்லை. கோழியின் கொண்டை நீலம்பாரித்து, கால்களில் இரத்தம் கன்றி, சிலவேளை முன்னறிகுறி எதுவுமின்றியே அது வீழ்ந்து இறக்கிறது.

இவ்வளவு விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. வெல்லம், அமிலம், நொதியம், புரத ஆலை என ஒவ்வொரு படியிலும் வைரசு கையாள்வது விருந்துவழங்கியின் உடைமையையே. ஆகவே தீங்கு என்பது வைரசுக்குள் நஞ்சுபோல் அடைத்துவைக்கப்பட்ட ஒரு குணம் அன்று. வைரசும் உடலும் கூடுமிடத்தில் பிறக்கும் ஒரு விளைவு. ஊசிவால் வாத்தின் குடலில் அமைதியாய் இருந்ததும், பண்ணையில் கொலைநோயாய் மாறியதும் ஒரே வழிமரபு.

வைரசை உயிர் என்று கொள்ளலாமா என்பதை இவ்விடத்தில் ஆராய்தல் தகும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்து, புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர்களாக, அதாவது தொடுவுணர்வு மட்டும் உடையவையாக, முதற்படியில் வைக்கிறது. வைரசுக்குத் தொடுதல் உண்டு. அதன் வாழ்வு முழுவதும் ஒரு தொடுதலையே பற்றி நிற்கிறது. ஆனால் உணர்தல் இல்லை. கலத்துக்கு வெளியே அது உண்பதில்லை, வளர்வதில்லை, தானாக ஒன்றைச் செய்வதும் இல்லை. சைவ சித்தாந்தத்தின் சொற்களில் கூறினால், இச்சையும் அறிவும் செயலும் விளங்கும் இடமாகிய பசு என்னும் உயிர்ப்பொருளாக அன்றி, மாயையின் காரியமாகிய சடப்பொருளாகவே அதைக் கொள்வது பொருத்தம். சடத்துக்கு வினை இல்லை. வினை இல்லாததற்குப் பாவமும் இல்லை.

சித்தாந்தம் உயிரின் இயல்பைப் பேசுமிடத்து, அது எதனைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்று கூறி, அருகிலுள்ள பொருளின் நிறத்தைக் காட்டும் பளிங்கை உவமையாக்கும். உயிருக்கு உரைத்த இவ்விதியைச் சடமாகிய வைரசுக்கு அப்படியே ஏற்றுவது நூல்நெறி ஆகாது. ஆயினும், சார்பு தன்மையை மாற்றும் என்ற அந்த நோக்கு, ஒரு பொருளைத் தனியே நிறுத்தி நல்லது, தீயது என்று தீர்ப்பிடும் பழக்கத்திலிருந்து சிந்தனையை விடுவிக்க வல்லது. எந்தச் சார்பு வைரசைக் கொடிதாக்கிற்று, அச்சார்பை அமைத்தவர் யார் என்பனவே அப்போது கேட்கவேண்டியவை ஆகின்றன.

வரலாறு தரும் விடை தெளிவானது. இன்று உலகைச் சுற்றும் எச்5 வழிமரபு 1996இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில், காட்டுப்பறவையில் அன்று, பண்ணை வாத்தில் கண்டறியப்பட்டது. 1997இல் ஹொங்கொங்கில் அது 18 பேருக்குத் தொற்றி அறுவரைக் கொன்றபோது, அந்நகரின் கோழிகள் அனைத்தும், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை, சில நாட்களில் அழிக்கப்பட்டன. கண்டியிற் பிறந்து பேராதனையில் மருத்துவம் பயின்ற மலிக் பீரிஸ் இவ்வைரசின் இயல்பை ஆராய்ந்த அந்நகர ஆய்வாளருள் முதன்மையானவர். 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்துகள் முதலான காட்டுப்பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. மறு ஆண்டு பெப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூர்ப் பண்ணைகளில் இந்தியா முதன்முறையாக இந்நோயைக் கண்டது. 2023இல் ஆர்ஜென்டீனாவின் வல்டேஸ் தீபகற்பக் கரையில் யானைச்சீல் குட்டிகள் பல்லாயிரம் இறந்தன. காட்டிலிருந்து பண்ணைக்குச் சாதுவாகச் சென்றது, பண்ணையிலிருந்து காட்டுக்குக் கொடிதாகத் திரும்பிற்று. வலசைப் பறவையே நோயின் மூலம் என்னும் கூற்று பாதி உண்மையே. ஆயிரக்கணக்கான கோழிகளை ஒரே கூரையின் கீழ் நெருக்கி, ஒரே வகையான உடல்களை வைரசுக்கு இடைவிடாது வழங்கிய ஏற்பாடு மனிதரின் இச்சையாலும் அறிவாலும் செயலாலும் அமைந்தது. வினை என்ற சொல் பொருந்துமிடம் அதுவே.

நோயால் மடியும் கோழி முற்பிறப்பு வினையை நுகர்கிறது என்று சொல்லி இதைக் கடந்துவிடுவோரும் உளர். வினைக்கொள்கை துன்புறுவோர்மேல் பழிபோட வகுக்கப்பட்டதன்று. செய்வோரைத் தம் செயலுக்குப் பொறுப்பாக்கவே வகுக்கப்பட்டது. அதனை மறந்து, கூட்டினுள் அடைபட்ட பறவையின் வினைக்கணக்கைப் பேசுவது சமயத்தைக் கொண்டு இரக்கத்தைத் தள்ளிவைப்பதாகவே முடியும்.

இனி, கொலையின் வினாவுக்கு வரலாம். கேரளத்தின் குட்டநாட்டில் 2014 முதல் மீண்டும் மீண்டும் நோய் கண்டபோது, வயலில் மேயும் தாராக்கள் இலட்சக்கணக்கிற் கொல்லப்பட்டன. இந்தியாவின் விதிப்படி நோய்கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றர் சுற்றளவிலுள்ள வளர்ப்புப் பறவைகள் அனைத்தும் அழிக்கப்படவேண்டும். பௌத்தம் எண்ணமே வினை என்று கொள்வதால், பல உயிர்களைக் காக்கும் எண்ணத்தோடு செய்யப்படும் இக்கொலையின் வினை மெலிதாகும் என வாதிட இடமுண்டு. ஆனால் அதே பௌத்தமே துறவிகள் நீரை வடிகட்டிப் பருகவேண்டும் என்று விதித்து, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிருக்கு நேரும் கேட்டையும் முன்கூட்டியே தடுக்கும் கடமையை நிறுவிற்று. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் வேறொரு பக்கத்தால் இதனை அணுகி, தின்போர் பொருட்டே கொல்வோர் உளர் என்று காட்டி, கத்தியைப் பிடித்த கையோடு நில்லாமல் சந்தையின் மறுமுனையில் விலைகொடுக்கும் கைவரை பழியை நீட்டுகிறது. நோய் பரவிய பின்னர் கொல்லாதிருப்பது பல வேளைகளில் மேலும் பல உயிர்களைக் கொல்வதாகவே முடியும் என்பதை மறுப்பதற்கில்லை. எனவே கொல்லாமை என்னும் அறம் தோற்குமிடம் கொல்லும் நாள் அன்று. அதற்கு முன்னரே, கொட்டகையை எவ்வளவு நெருக்கமாக நிரப்புவது, நோயுற்ற கோழியை மறைத்து விற்பதா அறிவிப்பதா, அறிவிக்கும் ஏழைக்கு உரிய இழப்பீடு உண்டா என்று முடிவெடுக்கப்பட்ட நாட்களில் அது தோற்றுவிடுகிறது.

ஆனையிறவில் நின்று இதனைச் சிந்திப்பதற்குத் தனிப்பொருள் உண்டு. 1990இல் போரால் உப்பளம் முடங்கி, 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளின் சமர்களைக் கண்ட இம்மண்ணில், உயிரிழப்பு எண்ணிக்கையாக அறிவிக்கப்படும்போது ஒவ்வோர் உயிரும் எவ்வாறு மறைந்துபோகிறது என்பதைச் சனம் அறியும். மனிதச் சாவும் கோழியின் சாவும் ஒன்று என்பது இங்கே கூறப்படுவதன்று. அவசியம் என்ற சொல் எத்தனை எளிதாகக் கணக்கெடுப்பாகச் சுருங்கிவிடுகிறது என்பதே கருதத்தக்கது. போருக்குப்பின் மீள்குடியேறிய வன்னிக் குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தவை சில கோழிகளே. முற்றத்தில் மேயும் ஊர்க்கோழியை இழப்பது அவ்வீட்டுக்கு ஒரு பிள்ளையின் பள்ளிச்செலவை இழப்பதாகலாம்.

இவ்விடத்து நீரின் தன்மையும் கவனிக்கத்தக்கது. இன்புளுவென்சா வைரசு குளிர்ந்த, உப்புக் குறைந்த நீரில் நெடுநாள் நிலைக்கும். வெப்பமும் உப்பும் ஏற ஏற விரைவில் வலுவிழக்கும். கோடையில் உப்புப் பூக்கும் ஆனையிறவுக் கரையைவிட, கனகராயன் ஆற்றைத் தேக்கிய இரணைமடு போன்ற நன்னீர்க் குளங்களின் ஓரமும் மாரிவெள்ளம் பாய்ந்து உப்புக் குறைந்த நீரேரி முகப்பும் வைரசுக்கு இடங்கொடுக்க வல்லன. வலசைத் தாராவும் வீட்டுத் தாராவும் ஒரே நீரிற் கூடுவதும் பெரும்பாலும் அத்தகைய இடங்களில்தான். வளர்ப்புப் பறவையின் தீனியையும் குடிநீரையும் குளத்துப் பறவை அணுகாதபடி மூடிவைப்பது பண்ணைநுட்பமாக மட்டும் கற்பிக்கப்படுகிறது. நீரை வடிகட்டிய துறவிகளின் ஒழுக்கத்தோடு அதை ஒரே வரிசையில் வைத்துக் கோயிற் பிரசங்கங்களிலும் அறநெறி வகுப்புகளிலும் பேசத் தடையேதும் இல்லை.

கொலைக்கு மாற்றாகத் தடுப்பூசி இருக்கிறது. சீனா நீண்டகாலமாகத் தன் பண்ணைப் பறவைகளுக்கு அதனை இட்டுவருகிறது. பிரான்சு 2023 ஒக்டோபரில் தன் பண்ணைத் தாராக்களுக்கு இடத் தொடங்கியபின், அங்கே நோய்கண்ட பண்ணைகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. தடுப்பூசி பெற்ற பறவையில் வைரசு அறிகுறியின்றி மறைந்து சுற்றக்கூடும் என்பது மெய்யான இடர். இடைவிடாத கண்காணிப்பு இன்றி அது பயன்தராது. எனினும் பல நாடுகள் அதனை ஏற்கத் தயங்குவதற்கு அவ்விடர் மட்டும் காரணம் அன்று. தடுப்பூசி இட்ட நாட்டின் இறைச்சியை வாங்க மறுக்கும் வணிக விதிகளும் காரணம். பிரான்சு ஊசியைத் தொடங்கியவுடன் ஐக்கிய அமெரிக்கா அதன் கோழி, தாரா இறைச்சிக்குக் கட்டுப்பாடு விதித்தது.