எந்தப் பாடத்தின் ‘ஏன்’ அலுக்காது?

“சேர், எந்தப் பாடத்தைப் போடுறது?”

பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஆசிரியர்களைப் பயிற்றும் தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கான வர்த்தமானி அறிவித்தலை அச்செடுத்துக்கொண்டு வந்து என் வீட்டு விறாந்தையில் இருந்தாள். உயர்தரத்தில் தமிழும் வரலாறும் புவியியலும் படித்தவள். ஆங்கிலத்திலும் கெட்டிக்காரி.

“அம்மா இங்கிலிஸ் போடச் சொல்லுறா. வேலையும் கெதியாக் கிடைக்கும், ரியூசனும் குடுக்கலாமாம்.”

தாயின் சொல்லைத் தட்டிவிட முடியாது. ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றுக்கு ஆசிரியர் போதாத பாடசாலைகள் வடக்கில் நிறைய உண்டு. 2017இல் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலை கேட்டு நாட்கணக்காக இருந்த பட்டதாரிகளைக் கண்ட ஊர் இது. தன் பிள்ளையும் அப்படித் தெருவில் இருக்கக்கூடாது என்று ஒரு தாய் பயப்படுவதில் என்ன பிழை? ஆனால் இரண்டு வருடம் கல்லூரியில் படித்து, ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி செய்து, பிறகு அறுபது வயதுவரை வகுப்பில் நிற்கப்போவது அந்தப் பிள்ளை. அவளுடைய கேள்விக்கு வேலைவாய்ப்பை மட்டும் வைத்து விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவளுடைய வயதில் நான் யாரிடமும் இப்படிக் கேட்கவில்லை. கணக்கில் புள்ளி நிறைய வந்தது, கணித ஆசிரியனானேன். முதல் நியமனம் வன்னியில், தகரக் கூரை போட்ட ஒரு சிறிய பாடசாலை. எட்டாம் வகுப்பில் மறை எண்களைப் பெருக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த பையன் ஒருவன் எழும்பி, “மறையும் மறையும் பெருக்கினா ஏன் சேர் நேர் வருது?” என்று கேட்டான். “அது விதி. எழுது” என்றேன். அவன் குனிந்து எழுதினான். அந்த வருடம் முழுவதும் அவன் வேறு கேள்வி கேட்கவேயில்லை.

அவன் கேட்டதற்கு எனக்கே விடை தெரியாது. கணக்கு எனக்கு இலகுவாக வந்ததால், அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. சில வருடங்களின் பின் ஊரில் ஒரு கடையில் நின்றபோது, கடைக்காரர் கடன் கொப்பியை விரித்து, இருநூறு இருநூறாக இருந்த மூன்று கடன்களைப் பேனையால் வெட்டினார். கடன் என்றால் மறை. மூன்று தரம் வெட்டுவதும் மறை. கடன்பட்டவருக்கோ அறுநூறு ரூபாய் மிச்சம். கொப்பியைப் பார்த்தபடியே நின்றேன். அன்றுதான் கணிதம் என் பாடமானது. ஆனால் அந்தப் பையன் அப்போது என் வகுப்பில் இல்லை.

புள்ளி கிடைப்பது விடைக்கு. படிப்பித்தல் நிற்பது ‘ஏன்’ என்ற கேள்வியில்.

அந்தக் கேள்வி ஒருவரைத் தன் பாடத்துக்கு வெளியேயும் கொண்டுபோகும். எங்கள் ஊரான கரவெட்டியில் 1932இல் பிறந்தவர் தமிழறிஞர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. விக்னேஸ்வராக் கல்லூரியிலும் கொழும்பு சாஹிராக் கல்லூரியிலும் படித்தவர். பின்பு அந்த சாஹிராவிலேயே ஆசிரியராக இருந்தவர். பேராதனையில் பட்டத்துக்கு அவர் எடுத்தவை பொருளியல், வரலாறு, தமிழ் என்ற மூன்றும். பண்டைத் தமிழரின் நாடகத்தை ஆராயப் புறப்பட்டபோது அவர் போய்ச் சேர்ந்தது பேர்மிங்காமில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜோர்ஜ் தொம்சனிடம். நாடகம் ஒரு சமூகத்தில் ஏன் தோன்றுகிறது என்ற கேள்விக்கு இலக்கியம் மட்டும் விடை தராது. அந்த மக்கள் எப்படி உழைத்தார்கள், எதை வணங்கினார்கள் என்றும் பார்க்கவேண்டும். தமிழுக்கு வெளியே படித்ததெல்லாம் கடைசியில் அவருடைய தமிழுக்கே உரமானது. எடுத்த பாடம் ஒருவரை வேலிக்குள் அடைப்பதில்லை. ‘ஏன்’ என்று கேட்பதை விட்டவர்தான் அடைபட்டுப் போகிறார்.

விறாந்தையில் இருந்த பிள்ளையைப் பார்க்க, எனக்கு முந்திய கிழமை கண்ட ஒரு காட்சி ஞாபகம் வந்தது. இந்தப் பிள்ளை கிணற்றடியில் குந்தியிருந்து, தம்பிக்கு ஈர்க்கால் மணலில் படம் கீறிக் காட்டிக்கொண்டிருந்தாள். வற்றாத ஆறில்லாத எங்கள் குடாநாட்டில் மழைத்தண்ணீர் சுண்ணாம்புக்கல்லின் துவாரங்களுக்குள் இறங்கி, பாரம் கூடிய உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. மிசின் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் உள்ள உப்பு மேலே ஏறிவிடும். “அப்ப எங்கட கிணறும் உவராகுமோ அக்கா?” என்று அவன் கேட்க, அவள் படத்தை அழித்துவிட்டுத் திரும்பக் கீறினாள். அவள் முகம் சுளிக்கவில்லை.

அதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். “அதை ஆர் உன்னைப் படிப்பிக்கச் சொன்னது, பிள்ளை?”

“ஒருத்தரும் சொல்லேல்லை, சேர்.”

“ஆங்கிலத்தில அப்பிடி ஆருக்கும் சொல்லிக் குடுத்திருக்கிறியோ?”

அவள் பேசாமல் இருந்தாள். பிறகு, “அம்மாவோட கதைச்சுப் பாக்கிறன்” என்று கடதாசியை மடித்துக்கொண்டு எழும்பினாள்.

ஆசிரியராகப் போகிற பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். விண்ணப்பம் நிரப்ப முதல், ஒருவரும் கேட்காமலே நீங்கள் மற்றவருக்கு எதை விளங்கப்படுத்துகிறீர்கள் என்று பாருங்கள். ஒரே கேள்வியைப் பத்தாவது தரமும் ஒரு குழந்தை கேட்டால், எந்தப் பாடத்தில் உங்களுக்குச் சலிப்பு வராது? அது ஆங்கிலமாக இருந்தால் தயங்காமல் ஆங்கிலத்தையே எடுங்கள். வேறொன்றாக இருந்தால் பெற்றோரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். சூழ்நிலையால் வேறு பாடத்துக்குத்தான் போகவேண்டி வந்தாலும், அதற்குள் உங்கள் ‘ஏன்’ எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு போங்கள். பின்வாங்கில் ஒரு பிள்ளை கேட்பதற்கு எழும்பும்போது, “அது விதி” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.