இங்கிலீஷ் வழியாகத்தான் போகணுமா?

தூத்துக்குடியில் சீனம் படிக்க ஆசைப்படுகிறவர் முதல் பாடத்துக்குப் புத்தகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கண்டெய்னரில் வந்து இறங்கும் அட்டைப்பெட்டி போதும். உடையக்கூடிய சரக்கு என்றால் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் கோப்பை படம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் பெரும்பாலும் நான்கு சீன எழுத்துகள்: ‘ஷியாவ்ஷின் ச்சிங்ஃபாங்’, கவனமாகக் கையாளவும். முதல் எழுத்துக்கு மூன்று கோடு, இரண்டாவதற்கு நான்கு. கடைசி இரண்டும் கொஞ்சம் வேலை வாங்கும். சீனக் கொடியோடு வரும் கப்பலின் பின்புறத்தில் ஊர்ப்பெயர் சீனத்திலும் ரோமன் எழுத்திலும் இருக்கும். கேள்வியும் விடையும் ஒரே இடத்தில், செலவில்லாமல்.

மற்றதற்குச் செல்போன் இருக்கிறது. சீனத்துக்கு ‘ப்ளெகோ’ அகராதி, மறந்த சொல்லைத் திரும்பத் திரும்ப முன்னால் கொண்டுவர ‘அன்கி’, ஜப்பானியத்துக்கு என்.ஹெச்.கே. வேர்ல்டு பாடங்கள், அனிமே. கருவிக்குப் பஞ்சமில்லை. காரணத்துக்கும் பஞ்சமில்லை. குறிப்பிட்ட திறனுள்ள தொழிலாளர்களை ஜப்பானுக்கு அனுப்ப 2021ல் இந்தியா ஒப்பந்தம் போட்டபிறகு, முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளைக் குறிவைத்து நம் பக்கத்துப் பிள்ளைகளும் ஜப்பானிய மொழித் தேர்வின் என்-4 நிலைக்குப் படிக்கிறார்கள்.

அப்படிப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் நோட்டோடு வந்தான். “அண்ணாச்சி, இந்த ஜாப்பனீஸ்ல எல்லாமே தலைகீழா இருக்கு. வெர்ப் கடைசில வருது.”

“ஏலே, வீட்ல உங்கம்மாகிட்ட பேசும்போது வெர்ப் எங்கலே வருது?”

முழித்தான். அவன் நோட்டைப் பார்த்தேன். மேலே ஆங்கில வாக்கியம், கீழே ஜப்பானிய வாக்கியம், இரண்டுக்கும் நடுவே வலைப்பின்னல் மாதிரி குறுக்கும் மறுக்குமாக அம்புக்குறிகள். ஒரு வாக்கியத்தை மட்டும் தமிழில் எழுதச் சொன்னேன். நேற்று வாங்கின மீன்: ‘கினோ கத்தா சகனா.’ கினோ நேற்று, கத்தா வாங்கின, சகனா மீன். அம்புக்குறிக்கு வேலையே இல்லை. ‘தபேதே மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். மிரு என்பது கண்ணால் பார்க்கிற அதே பார். ‘தபேதே ஷிமாத்தா’ என்றால் சாப்பிட்டுவிட்டேன். கேள்வி கேட்க நாம் கடைசியில் ஆ சேர்ப்போம், அவர்கள் கா சேர்ப்பார்கள். கோனோ, சோனோ, அனோ என்று அவர்களுக்கு மூன்று சுட்டு. நாம் இந்த, அந்த என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தார் கேட்பவர் பக்கத்தில் இருப்பதை ‘உந்த’ என்று இன்னும் சொல்கிறார்கள். அதுதான் சோனோ.

இதை வைத்து, இரண்டும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் என்று நான் சொல்ல வரவில்லை. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ அப்படித்தான் வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கொரிய, துருக்கி மொழிகளிலும் வினை கடைசியில்தான் வருகிறது. உறவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? படிக்கிறவனுக்கு வழி சுருங்குகிறதா என்பதுதான் பேச்சு.

எழுத்தும் அப்படித்தான். ஹிரகானா 46, கடகானா 46 என்றதும் பிள்ளைகள் மலைக்கிறார்கள். 247 எழுத்தைச் சின்ன வகுப்பிலேயே படித்தவர்கள்! அதன் வரிசையைப் பாருங்கள்: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்தத் துறவிகள் வழியாகப் போன வடமொழி எழுத்துப் படிப்பின் தடம் அது. ஜப்பானியர் எழுதும் சீன எழுத்துகளான காஞ்சிதான் கஷ்டம். பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2,136. அதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை, எழுதி எழுதித்தான் கை பழக வேண்டும்.

சீனத்தின் வாக்கிய அமைப்பு ஆங்கிலத்துக்குத்தான் பக்கம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு தொனிகளும் காதால் கேட்டுத்தான் வரும். ஆனால் ரோமன் எழுத்தில் சீனத்தை எழுதும் பின்யின் முறையில் ‘பி’ என்ற எழுத்தைக் கண்டதும் நாம் பஸ்ஸில் வரும் ப-வைச் சொல்கிறோம். உண்மையில் அது பல்லில் வரும் ப. ‘ஜி’ எழுத்து கேஸ் அடுப்பின் க அல்ல, கல்லின் க. பிறந்ததிலிருந்து சரியாகச் சொல்லிவந்த ஒலியை ஆங்கில எழுத்தைப் பார்த்துக் கெடுத்துக்கொள்கிறோம்.

புதிதாக எதைக் கற்கப் போனாலும் நம்மிடம் இருப்பதைச் செருப்பைப்போல வாசலில் கழற்றிவிட்டுப் போவது நமக்குப் பழகிவிட்டது. அது பணிவு என்று வேறு நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அது வீண் இழப்பாகத்தான் படுகிறது.

இந்தக் கரைக்கு வந்த வெளிநாட்டார் அப்படிச் செய்யவில்லை. 1542ல் வந்த பாதிரியார் சவேரியார், இரு மொழியும் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். 1549ல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கியபோதும் அதே முறைதான். மற்றவர்கள் பேச, தாங்கள் சிலைகளாக நிற்பதாக அங்கிருந்து கடிதம் எழுதினார். 1552ல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் காலமானார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கும் தங்கிப் படிக்க நேரமில்லாத மனிதர்.

தங்கியவர் அண்ட்ரிக் அடிகளார். ஹென்றீக் ஹென்றீக்கஸ் என்ற போர்த்துக்கீசியர். 1546ல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் புன்னைக்காயலை மையமாக வைத்துத் தமிழ் படித்தார். வந்த நோக்கம் மதம் பரப்புவது, அதில் ஒளிவுமறைவில்லை. ஆனால் படித்த விதம் பாருங்கள். பாடப்புத்தகம் கிடையாது. தனக்குத் தெரிந்த லத்தீன், போர்த்துக்கீசிய இலக்கணங்களை அளவுகோலாக வைத்து, பரதவர் வாயில் கேட்ட தமிழைப் பெயர், வினை என்று பிரித்துக் குறித்துக்கொண்டே போனார். சகபாதிரிமாரும் தங்களுக்குள் தமிழில்தான் பேச வேண்டும் என்று கட்டளை போட்டார். அந்தக் குறிப்புகள்தான் ‘ஆர்த்தே த லிங்குவா மலபார்’ என்ற இலக்கணம். கையெழுத்துப் படி லிஸ்பனில் இருக்கிறது. 2013ல் ஜீன் ஹெய்னும் வி.எஸ். ராஜமும் அதை ஆங்கிலத்தில் தந்தார்கள். 1578ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தமிழாக்கியதுதான்.

சீனாவிலிருந்தும் இப்படி நடந்திருக்கிறது. சீன வானொலி 1963ல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. கலைமகள், கலையரசி என்று தமிழ்ப்பெயர் வைத்துக்கொண்ட சீனர்கள், பெய்ஜிங்கிலிருந்து சிற்றலையில் செந்தமிழ் பேசினார்கள். நேயர்கள் மன்றம் வைத்துக் கடிதம் போட்டார்கள். தமிழ் வழியாகவே சீனப் பாடமும் நடத்தினார்கள். பிறகு, ‘பயணி’ என்ற பெயரில் எழுதும் தூதரக அதிகாரி ஸ்ரீதரன் மதுசூதனன் தமிழருக்காகச் சீன மொழி அறிமுகநூல் எழுதினார். 2012ல், நம் சங்கத்தொகை போன்ற சீனத்தின் ஷிச்சிங் பாடல்கள் சிலவற்றை நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். வழி ஏற்கெனவே போட்டாகிவிட்டது, நடக்கத்தான் ஆள் குறைவு.

ஆகவே ஜப்பானுக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். செயலி ஆங்கிலத்தில் இருந்தால் இருக்கட்டும், நோட்டு தமிழில் இருக்கட்டும். ஜப்பான் வேலைக்குக் கேட்கும் மொழித் தேர்வுகளில் வாசிக்கவும் கேட்கவும்தான் தெரிய வேண்டும், பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது; எனவே எழுதியதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். விமானம் ஏறும்போது நோட்டை அடுத்து படிக்கிறவன் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். அண்ட்ரிக் அடிகளாரின் இலக்கணம் அச்சேற நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஜப்பானிய மொழித் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் வந்துவிடுகிறது.