மகளின் கையொப்பம்

பிள்ளைகளை வீட்டிலேயே வைத்து ஓதிக்கொடுக்கும் ஓர் அன்பரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பயணத்தில் தவறிய லுஹரை ஊர் திரும்பிக் களாச் செய்தால் எத்தனை ரக்அத் என்று வினவினார். நான்கு என்றோம். "ஹனஃபி மத்ஹபில் இரண்டுதானே, அத்தா?" என்றது திரைக்கப்பாலிருந்து மகளின் குரல். "ஹஜ்ரத் சொல்லும்போது குறுக்கே பேசாதே!" என்று அதட்டினார்.

மகள் சொன்னதே சரி. ஏழாண்டு கிதாபு ஓதி ஸனது பெற்ற நாம் அங்கே வாய் திறக்கவில்லை.

வழியெல்லாம் ஃபாத்திமா ஸமர்கந்தி அம்மையாரின் நினைவுதான். ஹிஜ்ரி 6-ஆம் நூற்றாண்டினர். தந்தை அலாவுத்தீன் ஸமர்கந்தி (ரஹ்) தம் 'துஹ்ஃபதுல் ஃபுகஹா'வை மகளுக்குக் கற்பித்தார்கள். மகள் அதை மனனம் செய்தார்கள். அந்நூலுக்கு மாணவர் காஸானீ (ரஹ்) எழுதிய விரிவுரையே மஹராயிற்று. இதுவரை மேடைகளில் கேட்டிருப்பீர்கள். அவ்வீட்டிலிருந்து வெளிவந்த ஃபத்வாக்களில் தந்தையுடன் மகளும் கையொப்பமிட்டார்கள். மணத்திற்குப் பின் கணவரின் கையொப்பமும் சேர்ந்தது. கணவர் பிழைத்தால் அம்மையார் திருத்துவார்கள்; அன்னார் தம் சொல்லை மாற்றிக்கொள்வார்கள்.

கற்பிப்பது தந்தையின் கடமை என்பதில் நமக்குள் பேச்சில்லை. கற்ற பிள்ளை வாய் திறக்கும்போது செவி கொடுப்பதும் அக்கடமையில் அடங்குமா? அடங்கும் என்றே கருதுகிறோம். வீட்டில் ஓதிக்கொடுப்போருக்கு இது பள்ளி ஆசிரியரைவிடக் கடினம். தந்தை என்ற இடமும் உஸ்தாத் என்ற இடமும் ஒருவரிடமே இருப்பதால்.

அவ்வன்பருக்கு நேற்றுக் கடிதம் எழுதினோம்: 'லுஹர் இரண்டு ரக்அத்தே. நாம் தவறிச் சொன்னோம். இதைத் தங்கள் மகளிடமும் படித்துக் காட்டுங்கள்.'