பொன்னாடையும் பணிக்கொடையும்

ஏற்காட்டில் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் சிறுவர்களுக்கென 1917-இல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளி போன்ற விடுதிப் பள்ளிகளில் ஆண்டிறுதி என்றாலே பிரியாவிடைதான். ஆசிரியரும் சமையற்காரரும் காவலரும் ஓய்வு பெறுவர். பொன்னாடை போர்த்திப் புகழ்ந்துரைக்கிறோம். நன்று. ஆயின் நன்றியறிதல் எங்கு முடிந்து நீதி எங்குத் தொடங்குகிறது?

'பணிக்கொடை' என்கிறோம். கொடையெனில் கொடுப்பவர் மனம்போல அன்றோ? 1972-ஆம் ஆண்டுச் சட்டமோ அதை உரிமையாக்கியது: பணி நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம். ஆசிரியர் அச்சட்டத்தின் பொருளில் 'பணியாளர்' அல்லர் என 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சமையற்காரருக்குள்ள உரிமை ஆசிரியருக்கில்லை! 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே அவர்களையும் சேர்த்தது. எதிர்த்து வழக்காடிய தனியார் பள்ளிகள் 2022-இல் தோற்றன.

ஆசிரியப் பணி தொண்டல்லவா என்பர் சிலர். தொண்டுதான். தம் உழைப்பைத் தியாகம் செய்ய ஒருவருக்கு உரிமையுண்டு. பிறர் உழைப்பைத் தியாகமாக்க நமக்கு ஏது உரிமை? தொழிலாளி ஒப்புக்கொண்டதனாலேயே குறைந்த கூலி நீதியாகிவிடாது எனத் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-லேயே சுற்றுமடலில் கற்பித்தார்.

விடுதிச் சமையற்காரருக்குப் பெரும்பாலும் வளாகத்து அறையே வீடு. பொன்னாடையோடு மலையிறங்கும் அவர் கையில் காசோலையும் இருக்கிறதா என, விழாவுக்கு வரும் பெற்றோராகிய நீங்களும் பள்ளி நடத்தும் நாங்களும் கேட்டுப் பார்ப்போம்.